மேல்வரிசை நாலு பல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் சொன்னால் முதல் வரியிலேயே நீ "என்னம்மா சொல்ற, எப்ப நடந்துச்சு, ஏன் என்கிட்ட சொல்லல" என்று குறுக்கே விழுந்துவிடுவாய், அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்த சந்தோஷம் ஆறிப்போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்னைப் பார்த்து, "அம்மா, உன் முகத்துல என்னமோ மாறியிருக்கு, என்ன விஷயம்" என்று துருவினாயே, எல்லாம் எழுதுகிறேன் பொறு என்றேனே, அதுதான் இது. பதறாமல் உட்கார்ந்து படி. எனக்கு மேல்வரிசையில் முன்பல் நாலும் போய்விட்டன. போன நாலும் இப்போது திரும்ப வந்துவிட்டன. இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து மாதம் ஓடியிருக்கிறது, அந்தப் பத்து மாதமும் நீ என் நெற்றியையும் எங்கள் வீட்டு மின்விசிறியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "போனை நேரா பிடிம்மா" என்று நீ கத்தும்போதெல்லாம் எனக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்தாய் அல்லவா, எனக்கு நன்றாகவே தெரியும். பேச்சு குழறினால் சிக்னல் சரியில்லை என்று பழி போட்டேன்.

நடந்தது இதுதான். நீ கிளம்பிப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது, புது வேலையில் உன் நாற்காலிகூட இன்னும் சூடேறியிருக்காது. காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் பஸ் நிலையத்தில் அறிவிப்பு அறை மாடியில் கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும், அதற்கு ஏறுவது வெளிப்பக்கத்து இரும்புப் படிக்கட்டு, நீ பார்த்திருக்கிறாய். ஒரு கையில் குடை, ஒரு கையில் அன்றைய கால அட்டவணை, தோளில் சாப்பாட்டுப் பை, கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை எனக்கு இல்லை. ஏழாவது படியில் செருப்பு வழுக்கியது, எட்டாவது படியின் விளிம்பில் வாய் போய் மோதியது. வலி முதலில் தெரியவே இல்லை, வாய்க்குள் கூழாங்கல் மாதிரி ஏதோ உருளுகிறதே என்று துப்பினேன், இரண்டு பல். மீதி இரண்டு ஈறோடு முறிந்து முனை மட்டும் நின்றது. டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண் ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடித்தாள், துறுதுறுவென்று இருப்பதால் சிட்டு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுகிறோம். அன்று சாயங்காலமே முறிந்த வேர்களையும் எடுத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான், அப்பாவைத் திட்டாதே. சொல்லியிருந்தால் நீ அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நின்றிருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. எத்தனை வருஷம் கஷ்டப்பட்டுக் கிடைத்த வேலை அது, என் நாலு பல்லுக்காக அது போக வேண்டுமா.

இரண்டு வாரம் கழித்துக் கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று கொடுத்தார்கள், அண்ணத்தில் ஒரு தகடு, அதில் நாலு பல். மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். முப்பத்தோரு வருஷமாக மைக் முன்னால் உட்கார்ந்தவளுக்கு வீட்டில் இருக்க முடியுமா. மூன்றாவது நாள், பதினாறாம் எண் வண்டி புறப்படத் தயார் என்று சொல்லும்போது, "புறப்படத்" என்கிற அந்த அழுத்தத்தில் தகடு நழுவி வெளியே வந்து மைக்கின் மேலேயே விழுந்தது. டக் என்று ஒரு சத்தம், பதினோரு மேடையிலும் இருபது ஒலிபெருக்கியிலும் ஒரே நேரத்தில் கேட்டது. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வெறும் காற்றுதான் போயிருக்கும். கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கிறேன், மொத்த பஸ் நிலையமும் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். அன்றோடு அந்தத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். மேலாளர் நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "கொஞ்ச நாள் கீழ இருங்கம்மா, வாய் சரியாகட்டும்" என்று சொல்லித் தொலைந்த பொருள் அறைக்கு என்னை மாற்றினார். குடை, ஒற்றைச் செருப்பு, சாப்பாட்டு டப்பா, கண்ணாடி, இவற்றுக்கு நடுவில் பல்லைப் பிடுங்கின பாம்பு மாதிரி நானும் ஒரு தொலைந்த பொருளாக உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேலி செய்வதுபோல ஒரு நாள் யாரோ கைக்குட்டையில் சுற்றி விட்டுப்போன பல் செட் ஒன்று வந்து சேர்ந்தது, அதைப் பதிவேட்டில் எழுதி அலமாரியில் வைத்தேன், இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை. நான் போன அடுத்த மாதமே மாடியில் அறிவிப்பு மெஷின் ஒன்று வந்துவிட்டது, யாரோ முகம் தெரியாதவர் குரலில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, பொத்தானை அமுக்கினால் போதும், அமுக்குவதற்குச் சிட்டுவை உட்கார வைத்தார்கள். அன்றைக்குத்தான் நான் அழுதேன். விழுந்தபோது அழவில்லை.

என்னை இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளச் சொன்னது பல் டாக்டரம்மா. உன் வயதுதான் இருக்கும், ஆனால் கை என்னமோ அறுபது வயது அனுபவம் மாதிரி அசையாமல் நிற்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாலு பல்லுக்கு நாலு வேர் வேண்டாம்மா, ரெண்டு போதும், அது மேல நாலு பல்லையும் பாலம் மாதிரி நிக்க வச்சுடலாம்" என்றாள். தாடை எலும்புக்குள் டைட்டானியத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூவை இறக்கி ஈறை மூடிவிடுவார்களாம், மூன்று நாலு மாதத்தில் எலும்பு வளர்ந்து அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளுமாம், அப்புறம்தான் மேலே பல். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அப்பாதான் தன் சாவிக் கடையில் இருந்த அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். "சுவத்துல அலமாரி மாட்ட மொதல்ல என்ன பண்றோம், ஓட்டை போட்டு பிளக் இறக்குறோம், சிமென்ட் காயுற வரைக்கும் கை வைக்காம இருக்கோம், அப்புறம் ஸ்க்ரூ. அவ்வளவுதான்" என்றார். என் வாயைச் சுவர் என்று சொன்ன ஒரே ஆள் உன் அப்பாதான். செலவு எப்படி என்று கேட்காதே, அது எங்கள் பாடு, முடிந்துவிட்டது.

ஸ்க்ரூ இறக்கிய அன்று பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, மரத்துப்போக ஊசி போட்டபிறகு வலியே தெரியவில்லை, மண்டைக்குள் யாரோ தூரத்தில் கதவு மாட்டுகிற மாதிரி ஒரு அதிர்வு, அவ்வளவுதான். பிறகு கடிக்கிற பண்டம் எதுவும் கூடாது, மசித்த சாப்பாடுதான் என்றாள். அப்பாவும் என்னோடு சேர்ந்து மசித்ததையே சாப்பிட்டார், கேட்டால் வயிறு சரியில்லை என்பார், இரண்டு மாதம் ஒரு மனுஷனுக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா. நான் ஒழுங்காகத்தான் இருந்தேன், ஒரே ஒரு வாரம் தவிர. தொலைந்த பொருள் அறையில் பொழுது போகவில்லை, வாசலில் வறுத்த வேர்க்கடலை விற்கிறார்கள், வாசனை சும்மா இருக்க விடுமா, ஒரு கை, அடுத்த நாள் இரண்டு கை. இரண்டாம் மாதப் பரிசோதனையில் டாக்டரம்மா இடது பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டாள், அது லேசாக அசைந்தது. அவள் முகம் மாறியது. என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். கடலை என்றேன். "எலும்பு பிடிக்கிறதுக்குள்ள ஆட்டிட்டீங்களேம்மா" என்று சொல்லிவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "கடலை மட்டும் காரணம்னு சொல்ல முடியாது, அந்தப் பக்கம் எலும்பு மெல்லிசு, சிலருக்கு இப்படி ஆகும்" என்றாள். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் தூள் நிரப்பி, ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்து எனக்கு இனி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கு எதற்குப் பல், மெஷின் வந்துவிட்டது, யார் என்னைத் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள், கிடைக்கிறதை மசித்துச் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிடுகிறேன் என்று ஒரு பாட்டம் புலம்பினேன். அப்பா ஒரு பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தாமலே, "வெட்டுன சாவி சேரலன்னா பூட்டையா தூக்கிப் போடுறோம்? இன்னொரு சாவி வெட்டுறோம்" என்றார். மறுநாள் காலையில் குளித்துச் சட்டை மாட்டி, கடையைத் திறக்காமல், டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக வாசலில் நின்றார். நான் என்ன செய்ய, பின்னாலேயே போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுதலாம் என்றால் கடிக்கப் பல்லும் இல்லை. எலும்பு ஆறி, புது ஸ்க்ரூ இறங்கி, அதன்பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நான் கடலை விற்கிற வாசல் பக்கமே போகவில்லை, பின்வாசல் வழியாகத்தான் போனேன் வந்தேன். இந்த முறை டாக்டரம்மா தட்டிப் பார்த்தபோது இரண்டும் கணீரென்று ஒலித்து அசையாமல் நின்றன. அச்சு எடுத்தார்கள், நிறம் பார்த்தார்கள். பளீரென்று வெள்ளையாக வேண்டுமா என்று கேட்டாள், பக்கத்துப் பல்லெல்லாம் தேநீர் குடித்துப் பழகியவை, அவற்றோடு ஒட்டிப்போகிற நிறம் போதும் என்றேன். போன வெள்ளிக்கிழமை நாலையும் மாட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். என்ன சொல்ல, என் முகத்துக்கே நான் வணக்கம் சொன்னேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு "ம், பொருந்தியிருக்கு" என்றார், அவர் கடையில் புது சாவி சுற்றும்போது சொல்கிற அதே தொனி, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வெளியே போய்விட்டார்.

பல் வந்ததும் சொல் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. பத்து மாதம் வெட்டவெளியில் திரிந்த நாக்குக்குத் திடீரென்று எதிரே சுவர் கட்டினால் முட்டிக்கொள்ளாதா. தினமும் அரை மணி நேரம் சத்தமாகப் படியுங்கள், நாக்கு பழகிவிடும் என்றாள் டாக்டரம்மா. நான் பழைய கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, அடுக்களையில் பாத்திரங்களுக்கு அறிவிப்பு செய்துகொண்டிருந்தேன். உனக்குத் தெரியுமா, நம் மொழியில் த, ந இரண்டும் மேற்பல்லில் நாக்கு தொட்டுத்தான் பிறக்கின்றன. இத்தனை வருஷம் பேசியும் எனக்கு இது தெரியாது, பல் போனபிறகுதான் தெரிந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், இதற்காகத்தான் கை பரபரவென்று எழுதுகிறது. நேற்று, புதன்கிழமை, என் பல்லுக்கு வயது ஐந்து நாள். விடியற்காலையிலிருந்தே பேய்மழை, ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். கிழக்கே போகிற வண்டியெல்லாம் மேற்கு வாசல் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், மேடையெல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. ஆனால் மெஷினுக்கு என்ன தெரியும், அதற்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லும். பன்னிரண்டாம் எண் வண்டி மூன்றாம் மேடையில் என்று தேன் ஒழுகச் சொல்கிறது, வண்டி நிற்பதோ ஒன்பதாம் மேடையில். ஜனம் மூட்டை முடிச்சோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது, வழுக்கி விழுகிறது, ஓட்டுநர்கள் ஒலிப்பானை அமுக்குகிறார்கள். சிட்டு நனைந்துகொண்டே என் அறைக்கு ஓடிவந்து, "அக்கா, மெஷின் பொய் சொல்லுது, எனக்குப் பொத்தான் அமுக்கத்தான் தெரியும், நீங்க வாங்க" என்றாள். பின்னாலேயே மேலாளர். என் வாயையே பார்த்துக்கொண்டு, "அம்மா... பல்லு...?" என்று இழுத்தார். இருக்கு என்றேன்.

அந்த இரும்புப் படிக்கட்டில் பத்து மாதத்துக்குப் பிறகு கால் வைக்கிறேன், அதே மழை. கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், ஏழாவது படியில் நின்றுவிட்டேன், சிட்டு பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மெஷினை அணைத்தேன். மைக்கை இழுத்து, "பயணிகள் கவனத்திற்கு" என்று தொடங்கினேன். துளிக் காற்றுகூட நழுவவில்லை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, வெட்டி வைத்த மாதிரி விழுந்தது. கீழே ஓடிக்கொண்டிருந்த ஜனம் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிட்டு ஜன்னல் வழியாக எந்த வண்டி எங்கே நுழைகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் அறிவித்துக்கொண்டே இருந்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும், ஒன்பதாம் மேடையில் பன்னிரண்டாம் எண் வண்டி கிளம்புகிறது, நெரிசலோடு நெரிசலாக ஒரு அம்மா இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள், மஞ்சள் மழைக்கோட்டு போட்ட நாலு வயதுக் குழந்தை ஒன்று கீழேயே நின்றுவிட்டது. கதவு மூடிக்கொண்டது, வண்டி நகர்கிறது. குழந்தை வண்டியைத் துரத்திக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டி ஓடுகிறது. ஓட்டுநருக்குத் தெரியவில்லை, கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, மேலே இருந்த எனக்கு மட்டும் தெரிகிறது. "பன்னிரண்டு, நிறுத்து! நிறுத்து! பின்சக்கரத்துல குழந்தை!" என்று கத்தினேன். மரியாதை, பயணிகள், தயவு எல்லாம் பறந்துபோயிற்று. அந்தச் சொல்லைச் சொல்லிப் பார், நிறுத்து, முதலெழுத்தும் பல்லில் பிறக்கிறது, கடைசி எழுத்தும் பல்லில்தான் பிறக்கிறது. பத்து மாதம் என்னால் சொல்ல முடியாமல் இருந்த சொல். வண்டி கிறீச்சென்று நின்றது, சக்கரத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு முழம்தான். அந்த அம்மா கதவைத் திறந்து குதித்து, சேற்றிலேயே உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டாள். சிட்டு தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு அடுத்த வண்டியைச் சொன்னேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பாலம் திறக்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன், தொண்டை கட்டியது, பல் அசையவில்லை.

இறங்கி வந்ததும் மேலாளர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மெஷினை எடுத்துவிட முடியாதாம், மேலிடத்து உத்தரவு, ஆனால் அதில் இருக்கிற குரலை மாற்றலாமாம். "இனிமே மெஷினும் உங்க குரல்லயே பேசட்டும், மழை நாள்ல, கூட்ட நாள்ல நீங்களே பேசுங்க, திங்கட்கிழமை மேல வந்துடுங்க" என்றார். பதிவு செய்ய நாளைக்கு ஆள் வருகிறார்கள். நூற்றுப்பத்து வாக்கியம் சொல்ல வேண்டுமாம். நான் இரண்டு முறை வேண்டுமானாலும் சொல்வேன் என்றேன்.

நேற்று நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா இன்னும் வந்திருக்கவில்லை. மழை நாளில் ஒரு மணிக்கே கடையை மூடிவிடுவார், ஒன்றரைக்கு எங்கள் நிலையத்தில் ஐந்தாம் மேடையில் நம் தெரு வண்டியைப் பிடித்தால் இரண்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். நாலு மணிக்கு முழுக்க நனைந்து வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பஸ்ஸே வரல" என்றார். நம் தெருவுக்கு ஒன்றரைக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று, மூன்று வண்டியையும் ஐந்தாம் மேடையில் இருந்து அறிவித்து அனுப்பியவளே நான்தானே. அந்த மேடையில் ஒலிபெருக்கி இருக்கிற தூணுக்குக் கூரைகூடக் கிடையாது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தலையைத் துவட்டினார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வெளியில தெரியாதுதானேம்மா, அப்படியே இருக்கட்டும் என்றாயே, அது கூடாது. இடம் காலியாக இருந்தால் எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துவிடுமாம், பக்கத்துப் பல் சாய்ந்துவிடுமாம், டாக்டரம்மாவிடம் உனக்காகவே கேட்டு வைத்தேன். இந்த மாதத்துக்குள் போய்க் காட்டிவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும், நான் மறைத்த மாதிரி நீயும் மறைக்கலாம் என்று நினைக்காதே, பெண்ணுக்கு ஒரு நியாயம் அம்மாவுக்கு ஒரு நியாயம்தான், அதில் மாற்றமில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடி. நீ தொட்ட வேலை எல்லாம் துலங்கட்டும், நோய்நொடி அண்டாமல், மனம் வாடாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன்னைக் கட்டிக்கொள்ளக் கை நீளாத தூரத்தில் இருந்து,
உன் அம்மா.

பி.கு: அம்மா தேநீர் போடப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். பஸ் உண்மையிலேயே வரவில்லை. - அப்பா